ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃபில்டர்

உப்பு எவ்வளவு கலக்க வேண்டும், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரின் நுரைக் கிண்ணத்தை எப்படிக் கழற்ற வேண்டும் என்றெல்லாம் நான் உங்கள் இருவருக்கும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் அட்டைப் பெட்டியின் மேலேயே படம் போட்டு இருக்கிறது. இனி இந்தக் கடையையும் சர்வீஸ் வேலையையும் பார்க்கப்போகிறவர்கள் நீங்கள். பெட்டியில் படம் போடாத விஷயம் ஒன்றைத்தான் சொல்கிறேன்.

கடல் இந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் அரை நாள் பயணம். அப்படிப்பட்ட திருச்செங்கோட்டில் கடல் மீன் தொட்டி வைத்துப் பிழைக்கலாம் என்று கிளம்பியவன் நான். அதற்கு முன்பு சங்ககிரியில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் இந்தத் தொழிலைச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர இந்தப் பக்கம் யாரும் இருக்கவும் இல்லை. 'மீன்காரர்' என்று பெயர் வந்துவிட்டதால், முதல் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்து, "கெளுத்தி இருக்குதுங்களா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

நம் வாடிக்கையாளர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பூமியில் ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுக்கிறவர்கள். அவர்களிடம் போய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுவது லேசான காரியமில்லை. தொட்டி வைக்கிற ஒவ்வொருவரும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"ஏனுங்க மீன்காரரே, எங்க போர்த் தண்ணியே உப்புக் கரிக்குது. அப்பறம் எதுக்குங்க காசு குடுத்து உப்பு வாங்கிக் கலக்கோணும்?"

இதற்கு ரசாயனம் சொல்லாதீர்கள். சொன்னால், நீங்கள் உப்பு வியாபாரி என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "முந்நூறு அடித் தண்ணியும் எண்ணூறு அடித் தண்ணியும் ஒரே ருசிங்களா?"

"அதெப்படிங்க ஒண்ணாகும்?"

"கடல் அதுக்கும் அக்கட்ட இருக்குதுங்க."

அதோடு பேச்சு முடியும். மறுநாளே ஆர்.ஓ. தண்ணீருக்கும் அதில் கலக்க உப்புக்கும் சம்மதித்துவிடுவார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது அண்ணன் தம்பி இருவரின் கதை. பெரியண்ணன், சின்னண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் ஒன்றாக, போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டியவர்கள். பங்கு பிரிந்தபிறகு பேச்சில்லை. ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வாசல். ஒருவர் காரை வெளியே எடுத்தால், எதிரே காரில் வருகிற மற்றவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

இந்த ஊரில் கடல் மீன் தொட்டி கேட்டு முதன்முதலில் வந்தது பெரியண்ணன். ஹாலில் வைக்க மூன்றடித் தொட்டி. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் காளான் பவளம் போதும் என்றார். மீன் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது இது:

"ஃபில்டரு எத்தன ஹெச்பிங்க?"

"ஹெச்பி கணக்கெல்லாம் இதுக்குக் கெடையாதுங்கண்ணா. உங்க ஊட்டு டியூப் லைட்டுக்கு ஆகற கரண்டு போதும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நம்மூட்டுல போயி டியூப் லைட்டு மோட்டருங்களா? நாலு ஒறம்பரை வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

நான் வைத்துவிட்டு வந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு, கோயமுத்தூரில் யாரோ பண்ணை வீட்டுக் குளத்துக்கு வைத்திருந்ததைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினார். நான் போய்ப் பார்த்தபோது பவளமெல்லாம் காற்றடித்த வாழைத்தோப்பு போலப் படுத்துக் கிடந்தது. இரண்டு மீனும் மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. "மீனு மெரண்டு கெடக்குதுங்க, புது எடமில்லீங்களா?" என்றார். புது இடமில்லை, புயல் என்று சொல்லிப் பழைய மோட்டாரை மாட்டினேன்.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மீன் போடுகிற கழிவு தண்ணீரில் அம்மோனியா என்ற விஷமாகிறது. அதைத் தின்று தீர்ப்பது மோட்டார் கிடையாது. தொட்டிக்குள் கிடக்கும் கல்லிலும், அதற்கு அடியில் கதவு போட்ட மேஜைக்குள் இருக்கிற கீழ்த்தொட்டியில் போடும் பீங்கான் வளையத்திலும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியேறியிருக்கும். அதுதான் தின்கிறது. மோட்டார் அதற்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். ஆளுக்கு எதற்குப் பத்து ஹெச்பி? சின்னத் தொட்டிக்கு நல்ல கல், அளவான மோட்டார், சின்ன ஸ்கிம்மர் போதும். அதற்குமேல் விற்பதெல்லாம் நம் லாபத்துக்கு.

பெரியண்ணன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். அக்காவும், அதாவது அவர் வீட்டம்மாவும், கேட்டார். ஆனால் அக்காவுக்கு மீன்தான் மனதில் பதிந்தது. கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினால் இரண்டும் ஏறி வரும். "எம் புள்ளைங்க ஹாஸ்டல்ல இருந்து கூப்புட்டாக்கூட இத்தன ஆசையா வராது" என்பார்.

இது எதிர்வாசலுக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த மாதம் சின்னண்ணன் கடைக்கு வந்தார்.

"அங்க எத்தன அடிங்க?"

"மூணடிங்க."

"அப்ப நமக்கு நாலடி."

அவர் தொட்டி ஆபீஸ் அறையில் இருந்தது. நாலடி வாங்கியதோடு அவர் ஆசை தீர்ந்துவிட்டது. கண்ணாடியில் பாசி ஏறும், துடைக்க மாட்டார். கீழ்த்தொட்டியின் கதவைத் திறந்தே பார்க்கமாட்டார். ஒரு கை பொட்டுக்கடலை அளவு மீன் தீனியை நினைத்தபோது போடுவார். தண்ணீர் மாற்ற நான் போனால், "உள்ள ஏதாச்சும் உசுரோட இருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்பார். இருக்கும். நன்றாகவே இருக்கும். எனக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் வரும்.

பெரியண்ணன் இதை விடுவாரா? "எதிர்த்தாப்ல ஒரு தொட்டி இருக்குது பாருங்க, அது தொட்டி இல்லீங்க, பாசிக்காடு" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

நம்மூரில் ஆயுத பூஜை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ரிக் வண்டிகளையெல்லாம் பம்ப் போட்டுக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருப்பார்கள். அன்று எந்த ஆயுதமும் வேலை செய்யாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டபிறகுதான் எடுப்பார்கள். அந்த வருடம் பெரியண்ணன் புது ரிக் வண்டி எடுத்திருந்தார். விஜயதசமி காலையில் அது முதல் முறையாக வடக்கே கிளம்புவதாக இருந்தது. வண்டியோடு போகிற ஆட்கள் பெட்டி படுக்கையோடு வந்து ஷெட்டில் காத்திருந்தார்கள்.

நான் மதியத்துக்குமேல் பெரியண்ணன் வீட்டுக்குப் பூஜைப் பொரி கடலை வாங்கத்தான் போனேன். சர்வீஸுக்குப் போகவில்லை.

"வாங்க மீன்காரரே! தொட்டியப் பாத்தீங்கன்னா நீங்களே அசந்துருவீங்க" என்று பெரியண்ணன் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அசந்துதான் போனேன். சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு மிக்ஸி, தையல் மெஷின், ஸ்பேனர், பாறை குடைகிற பிட்டு எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. அந்த வரிசையில் தொட்டி மோட்டாரும் ஸ்கிம்மரும் இருந்தன. குளித்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மோட்டாருக்கு ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தது.

"இது ஏனுங்க இங்க இருக்குது?"

அக்கா சொன்னார்: "ராவும் பகலும் ஓடுதுங்களே, பாவம். இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஓய்வு வேண்டாமுங்களா?"

பெரியண்ணன் விடவில்லை. மாடிக்கு அழைத்துப் போனார். கீழ்த்தொட்டியில் இருந்த பீங்கான் வளையங்கள், சின்னக் கற்கள், பஞ்சு, தொட்டிக்குள்ளிருந்த பவளம் ஒட்டாத பெரிய கற்கள் எல்லாவற்றையும் ரிக் கழுவுகிற பம்பில் அடித்துக் கழுவி, முந்தின நாளிலிருந்து வெயிலில் காயவைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தீங்களா? வாங்குனப்பக்கூட இப்படி இல்லீங்க!"

தம்பிகளே, கெட்ட எண்ணத்தோடு செய்தவரைத் திட்டிவிடலாம். அன்போடு செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது? அந்த வெயிலில் காய்ந்துகிடந்தது கல் மட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்து தொட்டியைப் பார்த்தேன். காளான் பவளம் சுருங்கி நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருந்தது. இரண்டு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"காத்தால இருந்து இப்படித்தான் மேல வந்து வந்து கேக்குதுங்க" என்றார் அக்கா. "நானும் போட்டுட்டே இருக்கறேன். பூஜை நாளதுவுமா பசியோட இருக்கக் கூடாதுன்னு."

பசியில்லை, மூச்சு முட்டுகிறது. கழிவைத் தின்ன ஆளில்லாத தொட்டியில் சோறு மட்டும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. வண்டியில் இருந்த சோதனைக் குழாயை எடுத்து வந்து தண்ணீர் பிடித்து, அம்மோனியா காட்டுகிற மருந்து விட்டேன். பச்சையாக மாறியது.

பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். "பச்சைன்னா நல்லதுதானுங்களே?"

"மத்த எதுலயும் நல்லதுங்கண்ணா. இதுல மட்டும் மஞ்சளா இருக்கோணும்."

"இப்படியே உட்டா?"

"காலைக்குத் தாங்காதுங்க."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த வீட்டில் அவர் மெதுவாகச் சொன்னால் அது தீர்ப்பு. "பூஜை ஊட்டுல ரெண்டு உசுரு போச்சுன்னா நாளைக்கு வண்டி கெளம்பாது. நான் வழி உட மாட்டேன்."

வாசலில் புது வண்டி மாலையோடு நின்றது. ஷெட்டில் ஆட்கள் சிரித்துப் பேசுவது கேட்டது.

இந்த இடத்தில்தான் நாம் யார் என்று தெரியும். இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். பெரியண்ணன் மூச்சுவிடாமல் அடுக்கினார்: தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதுசாக நிரப்பலாமா, கால்நடை மருந்துக் கடையைத் திறக்கச் சொல்லலாமா, அந்தப் பெரிய மோட்டார் பரணில்தான் இருக்கிறது, இறக்கட்டுமா? எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே சொன்னேன். நான் கேட்டது பலகையில் இருந்த சின்ன மோட்டாரை மட்டும்.

அதைக் கேட்டதும் இருவர் முகமும் மாறியது. "மறுபூஜை போடாம எப்படீங்க எடுக்கறது?" என்றார் அக்கா.

நம்பிக்கையோடு வாதாடாதீர்கள். நம்பிக்கைக்குள்ளேயே வழி இருக்கும், தேடுங்கள். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. உள்ளே அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

"அதுவும் மெஷினுதானுங்களே அக்கா. அது ஏனுங்க ஓடுது?"

"அத நிறுத்துனா பாலு கெட்டுப் போயிருமுங்களே."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. எழுந்து போய் மோட்டாரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூவைப் பிரித்து, சந்தனத்தைத் தானே கழுவிக் கொடுத்தார்.

மோட்டார் ஓடியது. ஸ்கிம்மர் ஓடியது. கடையில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஆனால் அது தள்ளிப்போடுகிற வேலைதான். தின்ன ஆள் வேண்டும். பாக்டீரியா குடியிருக்கிற, வாழ்ந்த கல் வேண்டும். அப்போது என் கடையில் தொட்டி எதுவும் ஓடவில்லை, கேட்டவர்களுக்கு வரவழைத்துத்தான் கொடுப்பேன்; சேலத்தில் தெரிந்த கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் பூஜை போட்டு ஷட்டரை இறக்கிவிட்டு, சொந்த ஊருக்கே கிளம்பிவிட்டார்.

"வேற எங்கயும் கெடைக்காதுங்களா?" என்றார் பெரியண்ணன்.

"கெடைக்குமுங்க. எதிர்வாசல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அவங்கிட்டப் போயி அழுக்கு கேக்கோணுமா?"

"நீங்க கேக்க வேண்டாமுங்க. நான் கேக்கறேன்."

"எனக்குன்னு சொல்லக் கூடாது."

"வேற யாருக்குன்னு சொல்றதுங்க? இந்த ஊருல உப்புத் தண்ணித் தொட்டி ரெண்டுதானே இருக்குது."

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

சின்னண்ணன் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார். "இத்தன நாளு பாசிக்காடு, பாசிக்காடுன்னு சொல்லிட்டு, இப்ப அந்தப் பாசி வேணுமாமா?" சிரித்து முடித்தபிறகு, "மீனு ரெண்டுமேவா?" என்று கேட்டார். "அண்ணி கையில வருமுன்னு சொல்லுவீங்களே, அதுவா?"

"அதேதானுங்க."

அவர் எழுந்தார். அவர் வீட்டம்மா குறுக்கே வந்தார்: "பூஜையன்னைக்கு ஊட்டுச் சாமானம் வெளிய போகக் கூடாதுங்க."

"இது சாமானமா அம்மிணி? அழுக்குதானே" என்றார் சின்னண்ணன். "அழுக்கு வெளிய போனா நல்லதுதான்."

கீழ்த்தொட்டியின் கதவை அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகத் திறந்தார். பழுப்புப் பிடித்த கற்களை, காற்றுப் படாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே மூடி போட்ட வாளியில் எடுத்தேன். சின்னண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டார். வாங்கப் போனேன். தரவில்லை. "எங்கல்லு. நானேதான் போடுவேன்."

அண்ணன் வீட்டுக்குள் அவர் கால் வைத்து எத்தனை காலமோ. பெரியண்ணன் சோபாவிலிருந்து எழவில்லை. சின்னண்ணனும் அவரைப் பார்க்கவில்லை. இருவரும் என்னோடுதான் பேசினார்கள்.

"கல்லக் கழுவிப் போடச் சொல்லுங்க மீன்காரரே, நாத்தமடிக்குது."

"கழுவுனதுனாலதான் இந்தக் கெதின்னு அவங்ககிட்டச் சொல்லுங்க மீன்காரரே."

"அவனுக்கு எல்லாந் தெரியுமுன்னு சொல்லுங்க."

சின்னண்ணன் ஒவ்வொரு கல்லாகக் கீழ்த்தொட்டியில் போட்டார். நான் சரியாக அடுக்கினேன். அக்கா ஒரு தட்டில் பொரி கடலை கொண்டுவந்து கொழுந்தன் முன்னால் வைத்தார். சின்னண்ணன் நின்றுகொண்டே தொட்டியைப் பார்த்தபடி தின்றார். ஒரு பொரிகூட மிச்சம் வைக்கவில்லை.

காலையில் நான் போனபோது மறுபூஜை முடிந்திருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகி நின்றது. டிரைவர் இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் படியில் ஒரு காலோடு நின்றார். அக்கா வாசலுக்கு வரவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மீன்கள் மேல்மட்டத்தில் இல்லை. கீழே, பவளத்துக்குப் பக்கத்தில் தங்கள் பழைய இடத்தில் நின்றன. சோதனைக் குழாயைப் பார்த்தேன். மஞ்சள் என்று சொல்ல முடியாது. பச்சை வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

"பொழச்சுக்குமுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் எந்தக் குழாயிலும் இருக்காது. தெரியாது என்றால் வண்டி நிற்கும். பிழைக்கும் என்று சத்தியம் செய்ய நான் யார்? "வண்டியக் கெளப்பச் சொல்லுங்கக்கா. நான் இன்னைக்குப் பூரா இங்கயே உக்காந்திருக்கறேன்" என்றேன். நம்மால் தரமுடிந்த உறுதி அவ்வளவுதான், பல நேரம் அதுவே போதும்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். பூசணிக்காய் உடைகிற சத்தமும், வண்டி கியர் மாறுகிற சத்தமும் கேட்டது. நான் மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மீன் பிழைத்தது. சாயங்காலம் டீக்கடையில் பெரியண்ணன், "நம்ம ஃபில்டரு பவருக்கு அதெல்லாம் ஒண்ணுமே ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப்பிறகு நான் ஃபில்டர் தேர்ந்தெடுக்கிற முறையே மாறிவிட்டது. தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன்னால், பண்டிகைக்கு வீட்டை யார் கழுவுவார்கள் என்று கேட்பேன். கழுவுகிற கை பெரிய கையாக இருந்தால், திறக்கிற மாதிரி பெட்டி, உருவுகிற மாதிரி வளையம் எதுவும் வைக்கமாட்டேன். எல்லாப் பொறுப்பையும் தொட்டிக்குள் இருக்கிற கல்லிடமே விட்டுவிட்டு, அதன்மேல் பவளத்தை ஒட்டிவிடுவேன். பவளம் இருக்கிற கல்லை யாரும் கழுவமாட்டார்கள். அழகுக்கு இருக்கிற மரியாதை அழுக்குக்கு இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. சின்னண்ணனின் கற்கள் இன்னும் பெரியண்ணன் வீட்டுத் தொட்டியில்தான் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை, "எங்கல்லு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்று தெருவைத் தாண்டி வருகிறார். அக்கா காப்பி கொடுக்கிறார். பெரியண்ணன் அப்போது மட்டும் தவறாமல் ஹாலில் பேப்பர் படிக்கிறார். நான் இருந்தால் என் வழியாகப் பேசிக்கொள்வார்கள். நான் இல்லாத நாளில் எப்படிப் பேசுகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் பெரியண்ணன் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பார்: "அவங் கல்ல எடுத்து அவனுக்கே குடுத்துரலாமுங்களா? தொட்டி செட்டாயிருச்சுங்களா?"

பிறகு நான் திரும்பப் போட்ட அவருடைய கழுவிய கற்களில் பாக்டீரியா திரும்பக் குடியேறி எவ்வளவோ காலமாகிறது. எடுத்தால் ஒன்றும் ஆகாது. நான் குனிந்து கொஞ்ச நேரம் கீழ்த்தொட்டியைப் பார்ப்பேன். பிறகு, "இப்ப எடுத்தா ரிஸ்க்குங்கண்ணா" என்பேன். "அப்ப கெடக்கட்டும்" என்பார். அந்தக் குரலில் வருத்தம் இருந்து நான் கேட்டதில்லை.

அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள். அவர் உங்களிடமும் கேட்பார். குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.